சீர்திருத்த இல்லத்துப் பிள்ளைகளும் போதை சிகிச்சையும்

"கொஞ்ச மாசம் உள்ளே கிடந்தா தானா தெளிஞ்சிடுவான்." போதைப் பழக்கத்தோடு சிறார் சீர்திருத்த இல்லத்துக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்கள்தான் அதிகம். கிடைக்காததால் எடுக்காமல் இருப்பது வேறு, விட்டுவிடுவது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால், அறிவுரை வகுப்பே சிகிச்சையாகிவிடும்.

முதல் சில நாட்களைப் பாருங்கள். ஹெராயினுக்கோ போதை தரும் வலி மாத்திரைக்கோ பழகிய பையனுக்கு அது நின்றதும் ஓயாமல் கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், உடம்பு சிலிர்க்கும், வயிற்றைப் புரட்டும், காலை ஓரிடத்தில் வைத்துப் படுக்க முடியாது. விவரம் தெரியாத காவலருக்கு அது நடிப்பாகத்தான் தெரியும். குடியும் தூக்க மாத்திரையும் இன்னும் ஆபத்து. நீண்ட நாள் அதிகமாக எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதனால் உள்ளே வந்த அன்றே என்ன எடுத்தாய், எவ்வளவு, கடைசியாக எப்போது என்று ஒரு மருத்துவரோ செவிலியரோ கேட்டாக வேண்டும். சொல்வது வழக்குக் கோப்புக்குப் போகாது என்ற உறுதி இல்லாவிட்டால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

இதெல்லாம் புதுக் கோரிக்கை இல்லை. சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறாருக்காக ஐ.நா. பொதுச்சபை 1990-ல் ஏற்ற விதிகளில் 54-ஆவது விதி, தகுதி பெற்றவர்கள் நடத்தும், வயதுக்கேற்ற போதை மறுவாழ்வுத் திட்டம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பெரியவர்களின் சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் திட்டங்களையும் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். குற்றம் குறையவில்லை, கூடியதுதான் மிச்சம். ஆனாலும் பயமுறுத்துவதில் நமக்கு ஒரு தனி ஆசை!

என் பெரிய கவலை விடுதலையாகும் நாள்தான். கையெழுத்து வாங்கி, துணிப்பையைக் கொடுத்து அனுப்புவதோடு இல்லத்தின் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் பல வாரம் ஹெராயின் எடுக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. அதே அளவைப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம். அதை மீட்கும் நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. அதைப் பயன்படுத்த வீட்டில் ஒருவருக்காவது சொல்லிக்கொடுத்து அனுப்பலாமே. அப்புறம், விடலைப் பருவத்தினருக்குக் குடும்பத்தையும் உட்காரவைத்துச் செய்யும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அதை விடுதலைக்கு முன்பே தொடங்கி, உள்ளே பேசிய அதே ஆலோசகர் வெளியிலும் தொடர்வதுதான் சரி.

செலவாகும்தான். வெளியே போன பையன் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒருமுறை சிக்கியதும் மறுபடி உள்ளே அடைத்துச் சோறு போடுவதற்கும் செலவுதானே ஆகிறது? அதை மட்டும் யாரும் கணக்குக் கேட்பதில்லை.