பிளேன்ரீ வாங்க அனுப்பாதீர்கள்

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் கராஜ்காரர் நாலைந்து பேர் ஒன்றாக இருந்தோம். வழமையான கதைதான். "இப்பத்தைப் பொடியளுக்குப் பொறுமை இல்லை, ரெண்டு மாதத்திலை ஓடிப்போறாங்கள்." நான் அங்கே வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பொடியன் ஓடுவது பொறுமை இல்லாததால் அல்ல. நாங்கள் அவனுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுப்பதில்லை. கூட்டவும் கழுவவும் ஸ்பனர் எடுத்துத் தரவும் வைத்திருக்கிறோம். முக்கியமான வேலை வரும்போது அவனைக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். இது எனக்கு நடந்தது, அதனால் தெரியும்.

நான் 1992இல் ஒரு கராஜில், நான் அண்ணை என்று கூப்பிட்ட ஒருவரிடம் வேலை பழகப் போனேன். பதினாலு வயது. பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் தங்கம் மாதிரி. யாழ்ப்பாணத்து றோட்டுகளில் ஓடிய ஒஸ்ரின் ஏ 40, மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். புளக்கில் கரி பிடிக்கும், அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அதைக் கவனிக்காதவனுடைய எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் அண்ணை காட்டவில்லை. மண்ணெண்ணெய்க்கு ஏற்ற மாதிரி டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி, தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபண்ணுவது. அந்த நேரம் பார்த்து, "டேய், ஓடிப்போய் பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வா" என்பார். நான் வரும்போது கார் சுகமாக ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வருடம் இப்படியே போனது. அவர் கெட்ட மனிதர் இல்லை. சாப்பிடும்போது தன் பார்சலில் பாதியை எனக்குத் தள்ளிவிடுவார். ஆனால் அந்த ஒரு வித்தை கையை விட்டுப் போனால் தன் பிழைப்புப் போய்விடும் என்று பயந்தார். அவருக்கு மட்டும் இருந்த பயம் இல்லை அது. தச்சுவேலையிலும் நகைவேலையிலும் கடைசி வித்தையைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தவர்களை எங்கள் ஊரில் நான் கண்டிருக்கிறேன். அவர்களோடு எத்தனை வித்தை சுடலைக்குப் போயிற்றோ.

பிறகு 1995 ஒக்டோபர் 30. யுத்தத்தால் யாழ்ப்பாண நகரும் சுற்றியுள்ள வலிகாமமும் முழுக்க வீடுகளை விட்டு எழும்பி நடந்த இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க எத்தனை நிமிடம் எடுத்தது என்று அதில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அண்ணை சைக்கிளில் உடுப்புக் கட்டவில்லை, ஸ்பனரெல்லாம் போட்ட ரூல்ஸ் பெட்டியைத்தான் கட்டியிருந்தார். நான் பின்னால் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். பாலத்தில் ஒரு கதையும் இல்லை.

கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணிக்குள் தங்கினோம். நாலைந்து நாள் கழித்து ஒருவர் பழுதான ஒஸ்ரினைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் வழமைபோல எழும்பி விலகப் போனேன். அண்ணை என் கையைப் பிடித்து டிஸ்ரிபியூற்றரில் வைத்தார். "கையை எடுக்காதை. கேள்." அவ்வளவுதான் சொன்னார். மெல்ல மெல்லத் திருப்பினேன். எஞ்சின் இடிக்கிற சத்தம் குறைந்து, ஒரு இடத்தில் சீராக வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப்போய்க் கிணற்றடியில் கை கழுவினார்.

ஏன் அன்றைக்குக் காட்டினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நாளைக்கு இருப்போமா என்று தெரியாத நாட்கள் அவை. தான் செத்தால் இதுவும் செத்துவிடும் என்று அந்தப் பாலத்தில் நடக்கும்போது நினைத்திருப்பார். ஒரு வித்தையை அடுத்த கைக்குக் கொடுக்க எங்களுக்கு ஒரு இடப்பெயர்வு தேவைப்பட்டதே, அதுதான் என் கவலை.

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ 9 வீதி திறந்தபின் புது வாகனங்கள் வரத் தொடங்கின. யுத்தம் முடிந்தபின் இன்னும் கூட. காபரேற்றர் போய் இன்ஜெக்சன் வந்தது, பிறகு ஹைபிரிட். அண்ணையின் கராஜில் வேலை குறைந்தது. நான் பழுது காட்டும் ஸ்கானர் வாங்கித் தனியாகத் தொடங்கினேன். அவர் மனம் நோகுமோ என்று ஒரு வருடம் அந்தப் பக்கம் போகவே கூச்சப்பட்டேன். ஒருநாள் அவரே சைக்கிளில் வந்தார். "தம்பி, இந்த ஹைபிரிட்டை எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாவன்." அதுவரை என்னை 'டேய்' என்றுதான் கூப்பிட்டவர். அந்தத் 'தம்பி' என்ற சொல்லில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது என்னிடம் ஒரு பொடியன் பழகுகிறான். வந்து ஆறு மாதத்தில் ஒரு அக்குவா ஹைபிரிட் கார் வந்தது, பற்றரி சூடாகிறது என்று. நான் ஏதோ யோசனையில் செம்மஞ்சள் வயரில் கைவைக்கப் போனேன். "அண்ணை, கை வைக்காதேங்கோ! சேர்விஸ் புளக் இன்னும் கழட்டேல்லை." அந்த வயரில் ஓடுவது 144 வோல்ட் நேரோட்டம். பற்றரியைத் துண்டிக்கிற அந்தப் புளக்கைக் கழற்றிய பிறகும் பத்து நிமிடம் பொறுக்கவேண்டும். பிறகு பின் சீற்றுக்குப் பக்கத்திலுள்ள, பற்றரியைக் குளிர்விக்கிற காற்றாடியைக் கழற்றினால், முழுக்க எங்கள் ஊர்ப் புழுதி. அதுதான் பழுது. அவன் சத்தம் போட்டபோது ஒரு நொடி எனக்குக் கோபம் வந்தது உண்மை. பொடியன் எனக்குச் சொல்லுகிறானே என்று. அந்த ஒரு நொடியைத்தான் நாங்கள் எல்லோரும் அடக்கப் பழகவேண்டும். அவன் வாயை அன்று நான் அடைத்திருந்தால், அடுத்த முறை அவன் பேசாமல் நின்றிருப்பான்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். "நாங்கள் காசு வாங்காமல்தானே பழகினோம்" என்பது நியாயம் இல்லை. பழகும் காலத்திலும் அவன் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். அப்புறம், வகுப்புக்குப் போகாமல் வேலைத்தளத்திலேயே பழகியவனும் செய்துகாட்டித் தேறினால் என்விகியூ என்கிற தேசியத் தொழில் தகைமையில் மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ் எடுக்கலாம். அதற்கு அவனை நாங்களே கூட்டிக்கொண்டு போகவேண்டும். எடுத்தவுடன் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விடுவான் என்கிறார்கள். போகட்டும். போகும்வரை அவன் கையும் என் கையும் ஒரே எஞ்சினில் இருந்ததுதானே.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் காட்டி அடித்த நாட்களில் ஒரு பழைய மொரிஸ் மைனர் என் கராஜில் நின்றது. மண்ணெண்ணெயில் ஓட்டலாமா என்று பொடியன் கேட்டான். மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான், ஆனாலும் அவனுக்கு அறிய ஆசை. அண்ணையைக் கூட்டி வந்தேன். அவர் டயரில் இருந்தபடி பொடியனின் கையை டிஸ்ரிபியூற்றரில் வைத்தார். "பின்னுக்குத் திருப்பு, மெல்ல."

"ஏன் ஐயா பின்னுக்கு?" என்று அவன் கேட்டான்.

நான் 30 வருடமாக அவரிடம் கேட்கத் துணியாத கேள்வி அது. புத்தகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணை கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கதவுப்பக்கம் நின்ற என்னையும் கிட்ட வரச்சொல்லிக் கைகாட்டிவிட்டு, மண்ணெண்ணெய் பெற்றோல் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது, பொறி முந்தி விழுந்தால் எஞ்சின் இடிக்கும் என்று தொடங்கி, ஆறுதலாக, ஒன்றுவிடாமல் சொன்னார்.