'ஸ்ட்ரீட் சீன்' 1947-இல் பிறந்ததல்ல

ஒரு சின்னத் திருத்தம். குன்னூரில் வாசிக்க எடுத்திருக்கும், அமெரிக்க நாடகாசிரியர் எல்மர் ரைஸின் 'ஸ்ட்ரீட் சீன்' 1947-இல் இசை நாடகமாகத்தான் முதலில் மேடையேறியது என்று இந்த இழையில் மேலே இருவர் எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டாவது பிறவி. மூல வசன நாடகம் 1929 ஜனவரி 10 அன்று நியூயார்க்கில் தொடங்கி 601 காட்சிகள் ஓடியது. அந்த ஆண்டே அமெரிக்காவின் புலிட்சர் பரிசும் வாங்கியது. கர்ட் வைல் இசையமைத்து 1947-இல் இசை நாடகமானது பிறகுதான்.

குழம்பியதில் தப்பில்லை. இரண்டுக்கும் அரங்கம் அமைத்தவர் ஜோ மீல்சினர்தான்: வாடகைக் குடியிருப்பின் முகப்பு, வாசற்படி, ஜன்னலில் சாய்ந்து வம்பளக்கும் பெண்கள்.

புலிட்சர் தளத்தில் நாடகப் பிரிவில் 1929-ஐப் பாருங்கள். நியூயார்க்கின் பிராட்வே மேடை நாடகங்களைப் பதிந்து வைக்கும் இணைய பிராட்வே தரவுத்தளத்தில் (IBDB) பெயரைத் தட்டினால் இரண்டும் தனித்தனித் தேதியோடு வரும். நம்ம ஊர் மழையில் நெட் விட்டுவிட்டு வந்தாலும் இரண்டு நிமிட வேலைதான்.