கல்யாண அரிசியும் கறுப்பு மணலும்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா போன வாரம் ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். கன்னியாகுமரி மணலில் தோரியம் என்கிற கதிரியக்கத் தனிமம் இருப்பது நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியுமாம்; அதைத்தான் அம்மன் கதைக்குள் ஒளித்து வைத்தார்களாம். கீழே வரிசையாகக் கும்பிடு.

எனக்கு அந்தக் கதை உயிர். எரிச்சல் வந்ததும் அதனால்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். குமரித் தேவியைக் கட்ட சுசீந்திரம் கோயில் சாமி தாணுமாலயன் ராத்திரியோடு புறப்படுகிறார். பாணாசுரனைக் கன்னிப்பெண்தான் கொல்ல முடியும் என்பதால் கல்யாணம் நடக்கக் கூடாது. வழுக்கம்பாறை பக்கம் வரும்போது நாரதர் சேவல் மாதிரி கூவுகிறார். விடிந்துவிட்டது, முகூர்த்தம் போச்சு என்று மாப்பிள்ளை திரும்பிவிடுகிறார். விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் கடற்கரையில் சிதறி மணலாகிவிட்டன.

சின்ன வயதில் ஆச்சி முக்கடல் பக்கம் பாக்கெட் மணல் வாங்கித் தந்து பாடம் நடத்துவார். வெள்ளை பச்சரிசி, சிவப்பு காணம் (கொள்ளு), கறுப்பு உளுந்து. பிற்பாடு படித்ததில் பெயர்கள் மாறின: குவார்ட்ஸ், கார்னெட், இல்மனைட். நமக்குப் பின்னால் நிற்கும் மலைகளின் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், மடகாஸ்கரும் நாமும் ஒட்டிக் கிடந்த காலத்தில், பூமிக்குள் வெந்தது. அது உதிர்ந்து ஆற்றோடு கடலுக்கு வருகிறது. அப்புறம் அலையின் வேலை. ஆச்சி சுளவில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அலை எல்லாவற்றையும் கரையேற்றும். திரும்பும்போது லேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு, கனமான கறுப்பையும் சிவப்பையும் விட்டுவிட்டுப் போகும். அதனால்தான் கறுப்பு தனிப் பட்டையாகக் கிடக்கிறது.

தோரியம் இருப்பது மோனசைட் என்கிற இன்னொரு மணியில். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் அதைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்துவிட்டது. கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது.

கதை கட்டியவருக்குத் தோரியம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே கரையில் மணல் ஏன் மூன்று நிறம், ஏன் கலக்காமல் கிடக்கிறது என்று அவர் நின்று பார்த்திருக்கிறார். புவியியல்காரரும் அந்த இடத்தில்தான் குனிகிறார். இந்தப் பெருமை போதாதென்று, செய்யாத கண்டுபிடிப்பை வேறு அவர் தலையில் ஏற்றுகிறோம்.

குமரிக்கண்டமும் இப்படித்தான். சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சொல்கிறது. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர் என்கிற குரங்கு மாதிரி விலங்குகள் இருக்கும் இடங்களை இணைக்க லெமூரியா என்றொரு நிலத்தை ஊகித்தார். கண்டங்களே நகர்ந்தன என்று தெரிந்ததும் அந்த ஊகத்துக்கு வேலையில்லாமல் போனது. நாம் இன்னும் அதை இளங்கோவோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உளவியலுக்கு வந்தால் எனக்கே சபலம் தட்டும். முடிக்காத வேலைதான் மனதில் அதிகம் நிற்கும் என்று 1927இல் புளூமா சைகார்னிக் எழுதினார். நின்றுபோன கல்யாணம், கையில் மாலையோடு காத்திருக்கும் குமரி: அப்படியே பொருந்துகிறது இல்லையா? ஆனால் பின்னால் நடந்த சோதனைகளில் பல அவர் சொன்னதை உறுதி செய்யவில்லை. நாளைக்கு அந்தக் கருத்தே விழுந்தால் அம்மனையும் சேர்த்தா இறக்க முடியும்? நாரதர் கூவும் இடம் வந்தால் ஆச்சி குரலைத் தாழ்த்துவார். அது எனக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மணலில் இழுத்தேன். கறுப்பு மணிகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டன. வெள்ளை ஒன்றுகூட ஒட்டவில்லை.

மாமா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அரிசி எப்படி மக்கா காந்தத்துல ஒட்டும்?" என்றார்.