காடு எவ்வளவு என்று கேட்டால் போதுமா?

நேற்று ஒருவர் போட்ட பதிவையும் அதன் கீழே ஓடிய கூத்தையும் பற்றித்தான். அணைத் தண்ணீர் பாசி பொங்கிப் பச்சையாகி நாறுவதற்கும் சுற்றியுள்ள நிலம் மாறியதற்கும் சம்பந்தமே இல்லை என்று நிரூபிக்க ஒரு வட்ட விளக்கப்படம்! காட்டின் சதவீதம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறதாம், ஆகவே வழக்கு தள்ளுபடியாம். கீழே கைதட்டல் வேறு.

அய்யா, எவ்வளவு காடு என்பது பாதிக் கேள்விதான். எங்கே காடு? மலை உச்சியில் நிற்கும் மரத்தையும் ஓடைக்கரையில் நின்ற மரத்தையும் ஒரே கணக்கில் கூட்டினால் சதவீதம் அழகாகத்தான் வரும். உழுத வயலுக்கும் நீருக்கும் நடுவில் புல்லும் புதரும் மரமுமாக ஒரு பட்டை இருந்தால், வழிந்து வரும் மண்ணும் அதில் ஒட்டி வரும் பாஸ்பரஸும் பெருமளவு அங்கேயே தங்கிவிடும், உரத்திலிருந்து கரைந்து வரும் நைட்ரேட்டில் கொஞ்சத்தை வேர் உறிஞ்சும், கொஞ்சத்தை ஈரமண்ணின் பாக்டீரியா வாயுவாக்கிவிடும். இந்த இரண்டையும் தின்றுதான் பாசி வளர்கிறது. அந்தப் பட்டையை அழித்துவிட்டு வேறெங்கோ வரிசையாக மரம் நட்டால் உங்கள் வட்டப்படத்தில் ஒன்றும் குறையாது.

அணை ஆறு மாதிரி அடித்துக்கொண்டும் போகாது, பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டலோடு அடியில் படிந்த பாஸ்பரஸ், வெயில் காலத்தில் மேல்நீரும் அடிநீரும் கலக்காமல் பிரிந்து அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும், வண்டலில் உள்ள இரும்பின் பிடியிலிருந்து விடுபட்டு மறுபடி நீருக்கே வரும். உரத்தைக் குறைத்த பிறகும் பல வருஷம் பாசி வருவது இதனால்தான். சீனாவின் திரீ கோர்ஜஸ் அணை 2003இல் நீர் தேக்கத் தொடங்கிய பிறகு பாசி பொங்கியது பெரும்பாலும் யாங்சி ஆற்றில் அல்ல, அதில் சேரும் கிளையாறுகளில், ஓட்டம் நின்றுபோன இடங்களில். எங்கே என்பதுதான் கேள்வி, மறுபடியும்.

கொஞ்ச காலம் பரிசோதனைக்கு நீர் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தேன். பெருமழை கொட்டும்போது கிளம்பினால், "இப்போ எதுக்கு, தெளியட்டும், அப்புறம் போ" என்பார் மேலே இருந்தவர். வருஷத்துக்கு வரும் மண்ணிலும் பாஸ்பரஸிலும் பெரும்பங்கு சில பெருமழைகளில்தான் வந்து சேரும், அதை விட்டுவிட்டுத் தெளிந்த நீரைப் பிடித்தால் எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கும். சொன்னேன். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமோ?" என்றார். நேற்றைய பின்னூட்டங்களிலும் அதே கேள்வி, அதே தொனி.

"சுத்திகரிப்பு நிலையம் எதற்கு இருக்கிறது?" என்று ஒரு பின்னூட்டம். சரி. அமெரிக்காவின் டொலிடோ நகரிலும்தான் நிலையம் இருந்தது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் பாசி நஞ்சு அதையும் தாண்டி வந்து, சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கொதிக்கவைத்தும் குடிக்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அது ஏரி, அணை இல்லை என்று கிளம்பாதீர்கள், பாசிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. 1997இல் ஒப்பந்தம் போட்டு, தனக்குத் தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலை நீர்ப்பிடிப்புப் பகுதியில் நிலம் வாங்கி, விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து, செப்டிக் டேங்குகளைச் சரிசெய்து, பல நூறு கோடி டாலர் வடிகட்டும் நிலையம் கட்டுவதைத் தவிர்த்தது.

"வளர்ச்சி வேண்டாமா?" வேண்டும். அடுத்த கேள்வி.

"விவசாயியைக் குற்றவாளி ஆக்குகிறாய்." இதுதான் வலித்தது. என் வீட்டுக்குச் சோறு வந்ததே நிலத்திலிருந்துதான். கரையோரத்தை உழாமல் விடச் சொன்னால் அந்த நஷ்டத்தைக் கீழே தண்ணீர் குடிக்கும் நகரம்தான் கொடுக்க வேண்டும் என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்? அதற்கு ஒரு லைக் விழுந்ததில்லை. உண்மையில் விவசாயி பெயரைச் சொல்லி நேற்றுக் கத்தியவர்களில் எத்தனை பேர் ஏர் பிடித்தவர்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நீர் தெரியும்படி மனை வாங்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளின் கழிவுநீர் எந்த ஓடையில் திறக்கிறது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் காது கேட்காது.

கரையை ஒட்டி முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, இரண்டு செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்து வையுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ஒரு சிரிப்பு எமோஜி வந்தது. அப்புறம் அந்த வட்டப்படம் போட்டவர் என்னை நட்புப் பட்டியலிலிருந்தும் தூக்கிவிட்டார். தூக்கட்டும், இரண்டு படத்தையும் நானே தேடி எடுத்துப் போடுகிறேன்.