உறுமிய புயலும் நாற்பது கலைச்சொற்களும்

ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் இரண்டு வாரமும் ஆங்கில வகுப்பில் ஒரே சடங்குதான். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பெர்சானிஃபிகேஷன், ஐரனி, தீம், டோன், மூட், பிளாட் என்று நாற்பது சொற்கள் ஒரு பக்கம், நாற்பது விளக்கங்கள் மறுபக்கம். பொருத்துக. பிள்ளைகள் மூன்றே நாளில் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு அதே தாளைக் கையில் கொடுத்தால் இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று முழிப்பார்கள். அந்தத் தாளை வருஷக்கணக்கில் நகலெடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், அதனால் யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

இந்த முறை நடந்ததைச் சொல்கிறேன். புயல் ஒரு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து உறுமியது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். ஒரு பையன் அதன் கீழே கோடு போட்டு பெர்சானிஃபிகேஷன், அதாவது மனிதரல்லாததை மனிதராக்கிச் சொல்வது, என்று எழுதியிருந்தான். விடைக்குறிப்பிலும் அதுதான். டிக் அடித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். என்னவோ தோன்றி, "மனுஷன் உறுமுவானாடா?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா உறுமுவாரு சார்."

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவனே தொடர்ந்தான்: "ஆனா வீட்டைச் சுத்திச் சுத்தி வரமாட்டாரு. இது ஏதோ மிருகம் சார், புலி மாதிரி." சரி, அப்படியென்றால் வீடு என்ன என்றேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தான். "வீடுதான் இரை. உள்ளே இருக்கிறவங்க வெளியே வரவே முடியாது."

இரண்டு வாரத்தில் அந்த வகுப்பில் நடந்த ஒரே இலக்கிய வாசிப்பு அந்த இரண்டு நிமிடம்தான். விடைக்குறிப்பு சொன்ன பெயரோடு நின்றிருந்தால் புலியும் வந்திருக்காது, இரையும் வந்திருக்காது. என் கருத்து இவ்வளவுதான்: கலைச்சொல் என்பது கேள்வியின் ஆரம்பம். நாம் அதைப் பதிலாக்கி, மதிப்பெண் போட்டு, கதவைச் சாத்திவிடுகிறோம்.

நாம் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழிகள் இன்னும் மோசம். 'லைக்', 'ஆஸ்' வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர். விளைவு? எனக்கு மழை பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அதில் 'லைக்' இருக்கிறதே என்று அதையும் சிமிலி கணக்கில் சேர்க்கிறார்கள். 'ஆஸ் சூன் ஆஸ்' என்பதற்கும் அதே கதிதான். குழந்தையின் மேல் தப்பே இல்லை. நாம் சொன்ன விதியை அது ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

இங்கே எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியம். உவமை பிறக்கும் இடம் வினை, பயன், மெய், உரு என்று நான்காக அதில் வகுத்திருக்கிறது. புலிபோலப் பாய்ந்தான் என்றால் செயல் ஒத்திருக்கிறது. மழைபோலக் கொடுப்பவன் என்றால் பயன். உடுக்கைபோன்ற இடை என்றால் வடிவம். பொன்போன்ற மேனி என்றால் நிறம். ஆங்கிலக் கவிதைக்கும் இந்த நான்கு கேள்விகள் அப்படியே பொருந்துகின்றன. 'இது சிமிலியா?' என்பதை விட்டுவிட்டு 'எதில் ஒத்திருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள், பின்வரிசையிலிருந்தும் கை உயரும். மெட்டஃபர் என்ற சொல்லின் கிரேக்க வேருக்கே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லுதல் என்றுதான் பொருள். கவிஞர் எதை எடுத்துச் சென்றார், எதை விட்டுவிட்டுப் போனார் என்று கேட்டால் போதும், தனியாக வரையறை வேண்டியதில்லை.

ஐரனிக்கு, அதாவது முரண்நகைக்கு, ஒரு வார்த்தை. குடையை மறந்த நாளில் மழை பெய்தால் அது துரதிர்ஷ்டம். இன்று மழையே கிடையாது என்று அறிவித்தவர் நனைந்துகொண்டே வீடு போனால் அது ஐரனி. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஜூலியட் சாகவில்லை, மயக்கத்தில்தான் இருக்கிறாள் என்று நமக்குத் தெரியும், ரோமியோவுக்குத் தெரியாது. அது ஐரனியில் வேறொரு வகை. டோனையும் மூடையும் குழப்பிக்கொள்ளாத வகுப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. எழுதுபவரின் மனப்பான்மை டோன், படிப்பவரைச் சூழ்ந்துகொள்ளும் உணர்வு மூட். பேய் வீட்டைக் கிண்டலாக வர்ணிக்கும் ஒரு பத்தியைக் கொடுத்தால் இரண்டும் தானாகப் பிரிந்துவிடும்.

எனக்கு அதிகம் உறுத்துவது கட்டுரை எழுதவும் உதவும் சொற்களை நாம் கடைசியில் தள்ளுவதுதான். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927-ல் வெளிவந்த நாவல் பற்றிய தன் நூலில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தார் என்றால் கதை. ராஜா இறந்தார், பிறகு அந்தத் துக்கத்தில் ராணி இறந்தார் என்றால் பிளாட். ஒரே ஒரு காரணம் நுழைந்ததும் இரண்டு சாவுகளும் கோத்துக்கொள்கின்றன. இதை நாவலுக்கு மட்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே பிள்ளைகளின் கட்டுரையில் 'அப்புறம்', 'அப்புறம்' என்று பத்திகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம். தீசிஸும், அதாவது கட்டுரை நிறுவ வரும் மையக் கருத்தும், அப்படித்தான். 'இந்தக் கட்டுரை கைப்பேசியைப் பற்றியது' என்று எழுதுகிறார்கள். இதை மறுத்து ஒருவர் வாதாட முடியுமா என்று கேட்டால் விழிப்பார்கள். மறுக்க முடியாத வாக்கியத்துக்கு எதற்கு ஐந்து பத்தி ஆதாரம்? தீமுக்கும் இதே சோதனைதான்: 'நட்பு' என்று ஒற்றைச் சொல்லை எழுதினால் அது வெறும் தலைப்பு. நட்பைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்று முழு வாக்கியமாக எழுதினால்தான் தீம்.

தேர்வில் வரையறைதானே கேட்கிறார்கள் என்பார்கள். உண்மைதான், கேட்கிறார்கள். பெயர்களே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பெயர் இல்லாமல் இரண்டு கவிதைகளை ஒப்பிட்டுப் பேச உட்கார்ந்தால் 'அந்த மாதிரி', 'இந்த மாதிரி' என்றே பொழுது போய்விடும். ஆனால் நாற்பது எதற்கு? நான் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டேன். பகுதியைச் சொல்லி முழுமையைக் குறிக்கும் சினெக்டகி தெரியாமல் இதுவரை யாருக்கும் எதுவும் குடிமுழுகிப் போகவில்லை.

பொருத்துக என்பதற்குப் பதிலாக இப்போது ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்கிறேன். புயல் வாக்கியத்தையே மறுபடி எடுத்தோம். 'உறுமியது' என்பதை அடித்துவிட்டு 'அழுதது' என்று போட்டேன். புயல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதது. இப்போது என்ன ஆகிறது என்று கேட்டேன். முன்வரிசையில் எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "இப்போ உள்ளே இருக்கிறவங்க கதவைத் திறந்துடுவாங்க சார்."