பேசியதை எழுதி வையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மதியம் மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டினால், அம்மா முதலில் ஓடுவது மோடம் பிளக்கைப் பிடுங்கத்தான். இடியில் இரண்டு மோடம் கருகிப்போன வீடு இது. அந்த நேரம் நான் வீடியோ கூட்டத்தில் இருந்தால் அத்தோடு சரி.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அதற்கு முதல் நாள் தலைநகரிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், திரும்பிப் போகவில்லை. எங்கள் கணக்குக் குழுவில் எட்டுப் பேர். நால்வர் கோலாலம்பூர் அலுவலகத்தில், இருவர் பினாங்கில், ஒருவர் சென்னையில், நான் இங்கே. நமக்குக் காலை ஒன்பது மணி என்றால் சென்னையில் ஆறரை.

இப்படிச் சிதறிக் கிடக்கும் குழுவைச் சேர்த்துப் பிடிப்பது வீடியோ கால் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது எழுத்து.

போன வருடம் ஒரு கூட்டத்தில், வாடிக்கையாளர் ஒருவரின் இன்வாய்ஸ்களை மாத வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். கூட்டம் முடிந்து கீழே கோப்பி குடிக்கப் போன நால்வரும், கிளை வாரியாகவே இருக்கட்டும் என்று பேசி மாற்றிவிட்டார்கள். யாரும் எழுதவில்லை. நான் இரண்டு நாள் உட்கார்ந்து மாத வாரியாக முடித்து அனுப்பினேன். “அது மாறிடுச்சே, உனக்குத் தெரியாதா?” என்று பதில் வந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா இருபத்தைந்து வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எல்லாரும் வரிசையில் கூடும் பெரட்டு. யாருக்கு எந்த நிரை மரங்கள் என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லிவிடுவார். அப்புறம் பால் நிறுக்கும் வரை ஆளுக்கொரு பக்கம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஆனாலும் வேலை நடந்தது. பெரட்டு சில நிமிடம்தான், மற்றதெல்லாம் தோட்டத்துக் கணக்கர் கிராணியாரின் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஏறிவிடும். பெயர் ஏறாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அதில் கண்ணாக இருப்பார்களாம். தோட்ட வாழ்க்கையை நான் உயர்த்திச் சொல்லவில்லை. அந்தச் செக்ரோலாலேயே ஏமாந்தவர்களும் உண்டு, அம்மாவே சொல்வார்.

கணினித் துறைக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுபவர்கள் உலகம் முழுக்கச் சிதறியிருக்கிறார்கள். அந்த வேலைக்காக 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்ற மென்பொருளை உருவாக்கினார். அதில் திட்டத்தின் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். இணைய லைன் இல்லாதபோதும் வேலை செய்யலாம், வந்ததும் சேர்க்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதிலேயே பதிவாகும். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம், கூகுள் டாக்ஸ் போதும். அதிலும் பழைய பதிப்பைத் திறந்து யார் எந்த வரியை மாற்றினார் என்று பார்க்கலாம். ஜூமில் குரலுக்கு மட்டும் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் வேண்டும், முகமும் தெரிய வேண்டுமென்றால் பல மடங்கு. இரண்டு வரி எழுத்துக்கு மழைநாள் லைனே தாங்கும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு “முடிவுகள்” என்று ஒரு பக்கம் திறக்க வைத்தேன். எங்கே பேசினாலும், மாற்றியவரே அன்றைக்கே அதில் எழுத வேண்டும். வாரம் ஐந்து கூட்டம் இரண்டாகிவிட்டது. சென்னைத் தோழி விடியற்காலையில் எழுந்து கேமரா முன் உட்கார வேண்டியதில்லை.

இங்கே தாமானில் (குடியிருப்பில்) இருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த 1955 வேலைச் சட்டத் திருத்தப்படி, வேலை செய்யும் இடத்தை, வீட்டிலிருந்தே செய்வது போல, மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். பலருக்கு இது தெரியவில்லை. கேளுங்கள். கேட்கும்போதே, முடிவுகள் எங்கே எழுதப்படும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.