குரோலோ அந்தச் சங்கிலியைத் திருடி என்னடா செய்வான்?

ராத்திரி பதினொன்றரைக்குப் போர்வையை இழுத்துப் போர்த்தியவனை எழுப்பி என் ரூம்மேட் மறுபடியும் அதே தியரியை ஆரம்பித்தான். ஹண்டர் எக்ஸ் ஹண்டர் என்ற ஜப்பானிய காமிக்ஸில், சங்கிலியால் சண்டை போடும் குராபிகாவின் சக்திகளை, அடுத்தவன் சக்தியைத் திருடுகிற வில்லன் குரோலோ திருடிவிட்டால் அவனை அடிக்க ஆளே கிடையாதாம். இந்த மாதத்தில் நான்காவது தடவை. இந்த முறை கோடு போட்ட நோட்டில் நூறு, எண்பது, அறுபது, நாற்பது என்று நென் (அந்தக் கதையில் உயிர்ச்சக்தியை ஆயுதமாக்கும் வித்தை) வகைகளின் சதவீதத்தையெல்லாம் எழுதி, மளிகைக் கணக்கு மாதிரி கீழே கூட்டி வேறு வைத்திருந்தான்.

டேய், திருடுவது என்ன பஸ்ஸில் பர்ஸ் அடிக்கிற மாதிரியா? சக்தியைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டும், சொந்தக்காரனின் உள்ளங்கை குரோலோவின் புத்தக அட்டையில் பட வேண்டும், இத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள். தன் இனத்தையே அழித்த கும்பலின் தலைவனுக்கு குராபிகா பொறுமையாகப் பதில் சொல்லி, கையையும் நீட்டுவானா? சரி, எப்படியோ ஏமாற்றி வாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம்.

பசூக்கா குண்டையே ஒரு கையால் தடுத்த குரோலோவின் கூட்டாளி உவோகினை, குராபிகாவின் செயின் ஜெயில் என்ற சங்கிலி எப்படிக் கட்டிப்போட்டது? பாண்டம் ட்ரூப் (குரோலோவின் கும்பல்) ஆட்கள் மேல் மட்டும்தான் வீசுவேன், வேறு யார் மேலாவது வீசினால் சாகிறேன் என்று தன் இதயத்திலேயே கத்தியை வைத்துக்கொண்டு குராபிகா போட்ட சபதம், அதுதான் அந்தச் சங்கிலியின் பலமே. நியோன் என்ற பெண்ணின் ஜோசிய சக்தியைத் திருடிய பிறகுகூட குரோலோ பெயர், பிறந்த தேதி, ரத்த வகை கேட்டு வாங்கித்தான் பலன் எழுதினான். அப்படி நிபந்தனையும் கூடவே வந்தால், அவனால் கட்டிப்போட முடிந்தவர்கள் இந்த உலகத்தில் அவன் சொந்தக் கூட்டாளிகள் மட்டும்தான்! வராது என்றால் பலமும் வராது. இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "ஆனா எம்பரர் டைம் இருக்குல்ல?"

எல்லா நென் வகையையும் நூறு சதவீதமாக்குகிற அந்தச் சக்தி, குராபிகாவைப் போன்ற குர்தா இனத்தவனின் சிவந்த கண்ணோடு வருவது (போட்டுக்கொள்கிற குர்தா இல்லை, அந்த ஜோக்கையும் அவன் சொல்லிவிட்டான்). குரோலோவுக்கு ஏது அந்தக் கண்? அப்படியே அந்தக் கண் இருந்தாலும், ஒரு நொடி பயன்படுத்தினால் ஆயுளில் ஒரு மணி நேரம் போகும். 24 நொடிக்கு ஒரு நாள். நம்ம ஊர்ப் படம் ஒன்று ஓடி முடிகிற 2 மணி 26 நிமிடத்தில் ஒரு வருஷம் காலி. இந்தக் கழித்தலுக்கு அந்த நோட்டில் ஒரு வரி இல்லை, எல்லாம் கூட்டல்தான். எதை விட்டுக்கொடுத்தால் எது கிடைக்கும் என்று கதாசிரியர் தொகஷி மண்டையை உடைத்து எழுதியதை, இவன் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு விளையாடுகிறான்.

லைட்டை அணைத்தேன். இரண்டு நிமிடம் சத்தமில்லை.

"மச்சான், ஆளைத் தின்னு சக்தியை எடுத்துக்கிற அந்த எறும்பு ராஜா மெருயெம் குராபிகாவைத் தின்னிருந்தா?"